குவோ மோருவோவின் இரண்டு சுயவிமர்சனங்கள்

1966 ஏப்ரல் 14 அன்று பெய்ஜிங்கில் சீன தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழு கூடியிருந்தது. குழுவின் துணைத்தலைவர்களில் ஒருவரும் சீன அறிவியல் கழகத்தின் தலைவருமான குவோ மோருவோ பேச எழுந்தார். வயது 73. கவிதை, நாடகம், தன்வரலாறு, தொல்லெழுத்தாய்வு, மொழிபெயர்ப்பு என்று அரை நூற்றாண்டாக எழுதிக் குவித்தவர். இன்றைய அளவுகோலை வைத்துப் பார்த்தால் தான் எழுதியது எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டியதுதான், அதில் எதுவும் தேறாது என்று சொன்னார். இரண்டு வாரத்தில் பேச்சு நாளிதழில் அச்சேறியது. அவர் பேசியபோது கலாச்சாரப் புரட்சி முறைப்படி தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

குவோ என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது இந்தப் பேச்சுதான். அதற்கு 22 ஆண்டுகள் முன்பு அவர் எழுதிய வேறொரு சுயவிமர்சனத்தைத் துறைசார்ந்தவர்கள் தவிர யாரும் படிப்பதில்லை. 1944இல் சோங்சிங்கில் எழுதிய அந்த நீண்ட கட்டுரையில், 1930இல் தான் வெளியிட்ட முதல் வரலாற்று நூலில் எந்தெந்தப் பழைய நூல்களின் காலத்தைத் தவறாகக் கணித்தேன், அதனால் எந்த முடிவுகள் சரிந்தன என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். யாரும் கேட்டு எழுதியதல்ல அது. குவோவைச் சந்தர்ப்பவாதி என்ற ஒரே சொல்லில் கடந்துபோவது எளிது. சீனாவிலும் இன்று பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தச் சொல்லில் உண்மை உண்டு. ஆனால் 1944இன் மனிதர் எப்படி 1966இன் மனிதரானார் என்பதற்கு அதில் விடை இல்லை.

சிச்சுவான் மாகாணத்தின் லெஷானுக்கு அருகில் ஷாவான் என்ற சிற்றூரில் 1892இல் வணிகக் குடும்பமொன்றில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் குவோ கைசென். 1912இல் பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த திருமணத்திலிருந்து சில நாட்களிலேயே விலகிப் போனார். அந்தப் பெண் கணவன் வீட்டிலேயே வாழ்ந்து 1980இல் இறந்தார். இது ஏதோ இளமைக் கோளாறு என்று தள்ளிவிட முடியாதபடி பின்னாலும் ஒன்று நடக்கும்.

மருத்துவம் படிக்க 1914இல் ஜப்பான் சென்றார். ஒக்கயாமாவில் மேனிலைப் படிப்பு, பிறகு ஃபுகுவோகாவில் கியூஷு ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம். பதின்வயதில் வந்த டைஃபாய்டு காய்ச்சலில் செவித்திறன் குறைந்திருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை நம்பித் தொழில் செய்ய முடியாது என்பது அவருக்கே தெரியும். 1923இல் பட்டம் வாங்கினார், ஒருநாளும் வைத்தியம் பார்க்கவில்லை. அதற்குள் அவர் புகழ்பெற்ற கவிஞராகியிருந்தார். தாகூர், விட்மன், கதே மூவரையும் அந்த ஆண்டுகளில்தான் படித்தார். தாகூரைச் சீனத்தில் மொழிபெயர்த்து 1917இலேயே பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார், யாரும் வாங்கவில்லை. தாகூர் சீனாவுக்கு வரப்போகிறார் என்ற செய்தி 1923இல் பரவியபோது அதே குவோ, பிரம்மமும் அன்பும் பற்றிய அந்தப் பேச்செல்லாம் உழைக்காமல் வாழ வசதியுள்ள வர்க்கத்துக்கான மார்ஃபியா, தென்னங்கள் என்று எழுதினார். ஆறே ஆண்டுகளில் இந்தத் திருப்பம். மாறும்போது முழுதாக மாறுவதும், மாறியதை உரக்கச் சொல்வதும் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே உள்ள பழக்கம். பதவி வந்து சேர்ந்த பிறகு பிடித்துக்கொண்ட வியாதியல்ல.

1921இல் வந்த ‘தேவியர்’ தொகுப்புதான் சீனப் புதுக்கவிதையின் முதல் பேரொலி. அதிலுள்ள ‘வானநாய்’ கவிதையில் ஒவ்வொரு வரியும் ‘நான்’ என்றே தொடங்குகிறது. அந்த நாய் நிலவை விழுங்குகிறது, சூரியனை விழுங்குகிறது, கடைசியில் தன்னுடைய தோலையே உரித்துத் தின்கிறது. இன்னொரு நெடுங்கவிதையில் பீனிக்ஸ் இணை தாங்களே விறகு அடுக்கித் தாங்களே எரிந்து மீண்டும் பிறக்கின்றன. மரபுச் செய்யுளில் ஊறியிருந்த வாசகருக்கு அந்த ‘நான்’ அதிர்ச்சியாக இருந்தது. அதே ஆண்டு யூ தாஃபு, செங் ஃபாங்வூ போன்றவர்களோடு ‘படைப்புச் சங்கம்’ தொடங்கினார். கதேயின் ‘வெர்தர்’ மொழிபெயர்ப்பு 1922இல் வந்து இளைஞர்களைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது. 1924இல் ஜப்பானிய மார்க்சியப் பொருளியலாளர் கவகாமி ஹஜிமேயின் நூலை மொழிபெயர்த்து முடித்தபோது தன்னை மார்க்சியராக அறிவித்துக்கொண்டார்.

பிறகு எல்லாம் வேகம். 1926இல் குவாங்சோ, அங்கிருந்து வடக்குப் படையெடுப்பில் தேசியப் புரட்சிப் படையின் அரசியல் துறைத் துணைத்தலைவர். 1927 மார்ச்சில் தன் படைத்தலைவர் சியாங் கை-ஷேக்கைத் துரோகி என்று அம்பலப்படுத்திக் கட்டுரை எழுதினார். சியாங் அப்போது கம்யூனிஸ்டுகள்மீது பாய்வதற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. கையில் அதிகாரம் இருப்பவனை அவன் உச்சத்தில் இருக்கும்போதே எதிர்த்து எழுதியவர் இவர் என்பதை மறந்துவிட்டு பின்னாள் குவோவை மட்டும் எடைபோடுவது நியாயமாகாது. ஆகஸ்டில் கம்யூனிஸ்டுகளின் நான்சாங் எழுச்சியில் சேர்ந்தார், கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். எழுச்சி தோற்றது. பிடிவாரண்டு இருந்தது. 1928 பிப்ரவரியில் ஜப்பானிய மனைவி சாத்தோ தோமிகோவுடனும் பிள்ளைகளுடனும் ஜப்பானுக்குத் தப்பினார். தோக்கியோவை அடுத்த இச்சிகாவாவில் போலீஸ் கண்காணிப்பில் பத்தாண்டு வாழ்க்கை தொடங்கியது.

குவோவின் வாழ்க்கையில் நிதானமாகப் பார்க்க வேண்டிய காலம் இதுதான் என்பேன். அரசியல் இல்லை, மேடை இல்லை, கூட்டம் இல்லை. படைப்புச் சங்கம் மாதம் நூறு யுவான் அனுப்பிக்கொண்டிருந்தது. 1929 பிப்ரவரியில் அந்தச் சங்கத்துக்கும் பூட்டு விழுந்தது. எழுதித்தான் சோறு. அந்த நிலையில் அவர் கையில் எடுத்தது ஷாங் அரச காலத்து எலும்பெழுத்துகளை. மாட்டுத் தோள்பட்டை எலும்பிலோ ஆமையின் அடியோட்டிலோ குழி வெட்டி, அதில் சூடு வைத்தால் மறுபுறம் விரிசல் விடும். அந்த விரிசலைப் பார்த்து மழை வருமா, போர் வெல்லுமா, அரசியின் பிரசவம் நல்லபடி ஆகுமா என்று குறி சொல்லி, கேட்ட கேள்வியை அதே எலும்பில் செதுக்கி வைத்தார்கள். 1899இல்தான் அறிஞர் உலகம் இவற்றை அடையாளம் கண்டது. லுவோ சென்யூ, வாங் குவோவெய் இருவரும் அடித்தளம் போட்டார்கள். வாங் 1927இல் பெய்ஜிங்கின் குன்மிங் ஏரியில் தற்கொலை செய்துகொண்டார். குவோ தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு, ஆசிரியர் இல்லாமல்.

தோக்கியோவின் தோயோ புன்கோ நூலகத்தில் எலும்பெழுத்து நூல்கள் இருந்தன. தேடப்படும் சீனர் ஒருவர் சொந்தப் பெயரில் அங்கே நுழைவது கடினம். ஜப்பானியப் பத்திரிகையாளர் ஒருவரின் சீனப் புனைபெயரைக் கடன் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். இரண்டு மாதத்தில் அங்கிருந்த எலும்பெழுத்து, வெண்கல எழுத்து நூல்கள் அனைத்தையும் படித்து முடித்ததாகத் தன்வரலாற்றில் எழுதுகிறார். மிகையாக இருக்கலாம், விளைவு மிகையில்லை. 1930இல் ‘சீனப் பண்டைச் சமூக ஆய்வு’, 1931இல் எலும்பெழுத்தாய்வு, 1932இல் இரு சோவ் காலங்களின் வெண்கல எழுத்துத் தொகுப்பு, 1933இல் ஏறத்தாழ 800 எலும்புத் துண்டுகளைப் பொருள்வாரியாக வகுத்து விளக்கிய ‘புசி தோங்சுவான்’. கையெழுத்துப் படியையே அப்படியே அச்சிட்டு வெளியிட்டவர் தோக்கியோவின் புன்கியூதோ புத்தகக் கடைக்காரர் தனகா கெய்தரோ.

அவருடைய முறையைச் சொல்ல ஒரு பாத்திரம் போதும். பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் தா யூ முக்காலிக் கொப்பரை 153 கிலோவுக்கு மேல் கனக்கும். அதன் உட்புறத்தில், சோவ் மன்னர் யூ என்ற தலைவனுக்குக் கொடுத்த கொடைகளின் பட்டியல் வார்க்கப்பட்டிருக்கிறது. மது, ஆடை, தேர், குதிரை, அவற்றோடு 659 பேர், இன்னொரு தொகுதியாக 1,050 பேர். குவோவுக்கு முன்பு இத்தகைய பாத்திரங்கள் பழம்பொருள் பிரியர்களின் கையில் இருந்தன. எது முந்தியது, எது பிந்தியது என்று அடுக்கும் வழி தெளிவாக இல்லை. மன்னர் பெயராலோ நிகழ்ச்சியாலோ காலம் உறுதியாகத் தெரியும் சில பாத்திரங்களைத் தூண்களாக நட்டு, அவற்றில் வரும் ஆட்களின் பெயர், சம்பவம், எழுத்துப் போக்கு, வடிவம் ஆகியவற்றைக் கொண்டு மற்றவற்றைச் சுற்றிலும் சேர்த்தார் குவோ. வெண்கல எழுத்தாய்வு இன்றைக்கும் இந்த வழியில்தான் நடக்கிறது.

ஆனால் அதே கொப்பரையில் அவர் இன்னொன்றையும் கண்டார். ஆடையோடும் குதிரையோடும் ஆட்களைக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் அவர்கள் அடிமைகள். அப்படியானால் மேற்குச் சோவ் அடிமைச் சமுதாயம். எங்கெல்ஸ் சீனாவைப் பற்றி எழுதாமல் விட்ட அத்தியாயத்தைத் தான் எழுதுவதாக அவர் நினைத்தார். ‘மக்கள்’ என்பதற்கான வெண்கல எழுத்தில் கண்ணுக்குள் கூர்முனை குத்துவது போன்ற வடிவத்தைப் பார்த்து, அடிமைகளின் ஒரு கண்ணைக் குருடாக்கினார்கள் என்று முடிவுகட்டியதும் இந்தக் காலத்தில்தான். ஒரு சிறு தடயத்திலிருந்து ஒரு வர்க்கத்துக்கு ஒரே தாவல். துணிச்சல்தான். சில சமயம் அடி பலமாகவே விழும்.

இச்சிகாவாவில் அந்த அடி விழ இடம் இருந்தது. பெய்பிங்கிலிருந்த (அன்று பெய்ஜிங்கின் பெயர் அது) எழுத்தாய்வாளர் ரோங் கெங்கோடு நேரில் பார்க்காமலே கடிதத்தில் விவாதித்தார். சியாங்கின் குவோமின்டாங் அரசின் ஆய்வுக் கழகத்துக்காக அன்யாங்கில் அகழ்ந்துகொண்டிருந்த தோங் சோபின், தன் அரசு தேடும் ஆளான இவரோடு ஆய்வுச் செய்திகளைப் பகிர்ந்துகொண்டார். இவர்களில் யாருக்கும் குவோவுக்குத் தலையாட்ட வேண்டிய அவசியம் இல்லை, குவோவுக்கும் யாரையும் மகிழ்விக்க வேண்டியதில்லை. 1944இன் சுயவிமர்சனம் இந்தச் சூழலின் பிள்ளை. 1948இல் குவோமின்டாங் ஆட்சியிலேயே அகாடமியா சினிகா தன் முதல் 81 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தபோது அந்தப் பட்டியலில் குவோவும் இருந்தார். சக ஆய்வாளர்கள் அளித்த மதிப்பு அது.

1937 ஜூலையில் சீன-ஜப்பானியப் போர் மூண்டது. 25ஆம் தேதி விடியற்காலையில், மனைவியும் ஐந்து பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருக்க, அவர் வீட்டை விட்டு இறங்கிக் கப்பலேறிவிட்டார். தேசபக்தரின் தியாகம் என்று சீனாவில் அந்தக் காலை கொண்டாடப்பட்டது. தோமிகோவை ஜப்பானியப் போலீஸ் பிடித்து விசாரித்தது. பிள்ளைகளைத் தனியாக வளர்த்து, போர் முடிந்து 1948இல் அவர் ஹாங்காங்குக்குத் தேடி வந்தபோது குவோவுக்கு யூ லிசுன் என்ற மனைவியும் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். தோமிகோ தாலியென் நகரில் குடியேறினார்.

போர்க்காலத்தில் சியாங்கும் குவோவும் ஒரே அணி. 1938இல் இராணுவக் குழுவின் அரசியல் துறையில் பிரச்சாரத்துக்கான மூன்றாம் பிரிவு அவர் பொறுப்பு. துறையின் துணைத்தலைவர் சூ என்லாய். சோங்சிங்கில் 1942 ஜனவரியில் பத்தே நாளில் ‘சூ யுவான்’ நாடகத்தை எழுதினார். அரசனால் விலக்கப்பட்ட பழங்காலக் கவிஞர் இடி மின்னலை அழைத்துப் பேசும் நீண்ட வசனத்துக்கு அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது, அரசுக்கும் புரிந்தது.

1944 மார்ச்சில் அவர் எழுதிய கட்டுரை இன்னொரு வகை. மிங் அரசைக் கவிழ்த்து 1644இல் பெய்ஜிங்கைப் பிடித்த உழவர் கலகத் தலைவன் லி சிசெங், வெற்றிக் களிப்பில் நாற்பது நாளில் நகரை இழந்த கதை. மாவோ அதை யானானில் கட்சி முழுவதும் படிக்கச் சொன்னார். அந்த ஒருமுறை வரலாற்றாசிரியன் பேசினான், அதிகாரம் உட்கார்ந்து கேட்டது. அப்படி ஒருமுறை கேட்கவைத்தவனுக்கு அதன் ருசி எளிதில் விடாது. 1948இல் ஹாங்காங்கிலிருந்து அவர் எழுதிய தாக்குதல் கட்டுரை நாவலாசிரியர் ஷென் சோங்வென், அழகியலாளர் சூ குவாங்சியான் ஆகியோரை நிறம் பூசிப் பிற்போக்காளர்கள் என்று முத்திரை குத்தியது. ஷென் மறுவருடம் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். பிறகு புனைகதை எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டார். அருங்காட்சியகத்தில் பழங்காலத் துணிமணிகளுக்குச் சீட்டு எழுதி, காலப்போக்கில் சீன உடைகளின் வரலாற்றை எழுதினார். 1964இல் அந்த நூலுக்கு முன்னுரை தந்தவர் குவோ. நூல் வெளிவந்தது 1981இல்.

1949க்குப் பிறகு பதவிகளின் பட்டியல் சலிப்பூட்டும்: துணைப் பிரதமர், அறிவியல் கழகத் தலைவர், கலை இலக்கியக் கூட்டமைப்பின் தலைவர், அமைதிக்குழுத் தலைவர், 1958இல் தொடங்கிய அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். ஸ்டாலின் அமைதிப் பரிசும் வந்தது. 1953இல் அறிவியல் கழகம் வரலாற்றறிஞர் சென் யின்கேயை இடைக்கால வரலாற்று ஆய்வகத்துக்குத் தலைமையேற்க அழைத்தது. ஆய்வகத்தில் மார்க்சியத்தைப் பின்பற்றத் தேவையில்லை, அரசியல் படிக்கத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தால் வருகிறேன் என்று பதில் வந்தது. சென் குவாங்சோவிலேயே இருந்துவிட்டார். அந்தப் பதில் தனக்கும் ஒரு கேள்வி என்று குவோவுக்குத் தோன்றாமல் இருந்திருக்காது.

அதிகாரமும் ஆர்வமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு திங்லிங் சாட்சி. 1955இல் குவோ, வரலாற்றாசிரியர் வூ ஹான் உள்ளிட்ட ஆறு பேர் மிங் அரசர் யோங்லேயின் கல்லறையைத் திறக்க அனுமதி கேட்டுப் பிரதமர் சூ என்லாயிடம் மனு கொடுத்தார்கள். அகழாய்வாளர் சியா நாய், கலாச்சாரத் துணை அமைச்சர் செங் சென்துவோ இருவரும் நம்மிடம் இன்னும் அந்தத் திறமை இல்லை என்று தடுத்தார்கள். மனுவே வென்றது. ஒத்திகையாக வான்லி அரசரின் திங்லிங் கல்லறை 1956இல் தோண்டப்பட்டது. பல நூற்றாண்டு இருளில் பத்திரமாக இருந்த பட்டுகள் காற்றுப்பட்டுக் கெட்டன. 1966 ஆகஸ்டில் செங்காவலர்கள் அரசர், அரசியர் எலும்புகளை வெளியே இழுத்து எரித்தார்கள். குவோ பிறகு தாங் காலத்துச் சியான்லிங்கைத் திறக்க ஆசைப்பட்டார். சூ சம்மதிக்கவில்லை.

1965இல் நடந்த ஒரு விவாதம் இன்னும் தெளிவாகக் காட்டும். நான்ஜிங் அருகே கிழக்கு ஜின் காலத்துக் கல்லறைக் கல்வெட்டுகள் கிடைத்தன. அவற்றின் எழுத்து, அதே காலத்தில் எழுத்தணிக் கலைஞர் வாங் சிசி எழுதியதாகப் போற்றப்படும் ‘லாந்திங் முன்னுரை’யின் எழுத்தோடு பொருந்தவில்லை. ஆகவே அந்த முன்னுரை போலி என்றார் குவோ. கேட்கத் தகுந்த வாதம்தான். நான்ஜிங்கைச் சேர்ந்த காவோ அர்ஷி என்ற அறிஞர் மறுப்பு எழுதினார். அச்சேற வழியில்லை. அது மாவோவுக்கு அறிமுகமான சாங் ஷிசாவ் மூலம் மாவோவின் கைக்குப் போய், காகிதத்தில் சண்டை நடக்கட்டுமே என்று மாவோ குவோவுக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் நாளிதழில் வந்தது. ஒரு கையெழுத்துப் பிரதி போலியா இல்லையா என்ற கேள்வியில் குவோவை மறுக்க, நாட்டின் தலைவர் அனுமதிக்க வேண்டியிருந்தது. இச்சிகாவாவில் கடிதத்தில் வந்து விழுந்த மறுப்பு இங்கே நின்றுபோயிருந்தது. மறுக்க ஆளில்லாத இடத்தில், எங்கே தவறினேன் என்று வரி காட்டிச் சொல்லும் சுயவிமர்சனமும் நடக்காது. எல்லாவற்றையும் எரித்துவிடலாம் என்று மொத்தமாகச் சொல்லத்தான் முடியும். எதையும் குறிப்பிடாததால் அந்தப் பேச்சு ஒரே சமயத்தில் முழுச் சரணாகவும் பாதுகாப்பாகவும் இருந்தது.

பாதுகாப்பு அவருக்குக் கிடைத்தது. 1966 ஆகஸ்டில் சூ தயாரித்த பாதுகாப்புப் பட்டியலில் பெயர் இருந்தது. பிள்ளைகளை அந்தப் பட்டியல் காக்கவில்லை. இசை படித்த மின்யிங் 1967 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்த ஷியிங்கை மாணவர் குழுவொன்று பிடித்து அடைத்துவைத்துச் சித்திரவதை செய்தது. 1968 ஏப்ரலில் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அவர் பிடிபட்ட நாட்களில் குவோ சூவைச் சந்தித்தும் மகனைப் பற்றிப் பேசவில்லை. பிற்பாடு மகனின் நாட்குறிப்புகளைத் தூரிகையால் மெல்ல மெல்லப் படியெடுத்தார், எட்டுத் தொகுதிகள்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு வந்த நூல் ‘லி பாயும் து ஃபூவும்’, 1971. தாங் காலத்துப் பெருங்கவிஞர்களான இந்த இருவரில் மாவோவுக்கு லி பாய் பிடிக்கும். நூலில் து ஃபூ நிலவுடைமையாளரின் கவிஞராகிறார். காற்றில் கூரை பறந்துபோன தன் குடிசையைப் பற்றி து ஃபூ எழுதிய புகழ்பெற்ற கவிதையில் கூரை மூன்று அடுக்குப் புல் வேய்ந்தது என்று வருகிறது. குவோ அந்த மூன்று அடுக்கைப் பிடித்துக்கொண்டார்: குளிருக்கு இதமாக, வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருந்திருக்கும், ஏழை வீடா இது? கொப்பரையிலிருந்து அடிமைச் சமுதாயத்துக்குத் தாவிய அதே கால்தான் இது. மூளை மங்கிவிடவில்லை. அதே நூலில் லி பாயின் பிறப்பிடம் நடு ஆசியாவின் சூயாப் என்று அவர் அடுக்கும் வாதம் இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பேசத் தகுந்தது.

விசுவாசம் போதவில்லை. 1945இன் ‘பத்து விமர்சனங்கள்’ நூலில் அவர் கன்பூசியஸைப் பாராட்டிச் சீனாவின் முதல் பேரரசரைக் கண்டித்திருந்தார். 1973இல் மாவோ கவிதையிலேயே அதைக் குத்திக்காட்டினார். 1974 ஜனவரி 25 அன்று பெருங்கூட்டமொன்றில் மாவோவின் மனைவி சியாங் சிங் 81 வயதுக்காரரை எழுந்து நிற்கவைத்துப் பேசினார். 1976 மேயில் கலாச்சாரப் புரட்சியின் பத்தாண்டு நிறைவை வாழ்த்தி ஒரு பா. அக்டோபரில் அதே சியாங் சிங் கூட்டம் வீழ்ந்ததைக் கொண்டாடி, அதே யாப்பில் இன்னொரு பா. நடுவில் ஐந்து மாதம்.

1978 மார்ச்சில் தேசிய அறிவியல் மாநாட்டில் அறிவியலின் வசந்தத்தை வரவேற்கும் அவருடைய உரையை வேறொருவர் வாசித்தார். ஜூன் 12 அன்று இறந்தார். சாம்பல் ஷான்சியின் தாச்சாய் வயல்களில் தூவப்பட்டது. அந்த ஆண்டே ‘எலும்பெழுத்துத் தொகுப்பு’ வெளிவரத் தொடங்கி 1982இல் முடிந்தது: 13 தொகுதிகள், 41,956 துண்டுகள். முதன்மைப் பதிப்பாசிரியர் என்று குவோவின் பெயர் இருக்கிறது. இருபது ஆண்டுக்கு மேல் துண்டுகளைத் தேடி, ஒட்டிப் பார்த்து, காலம் பிரித்து வேலையை நடத்தியவர் ஹூ ஹவுசுவான். எந்த எலும்பைக் குறிப்பிடவும் ஆய்வாளர்கள் இன்று இந்தத் தொகுப்பின் எண்ணையே போடுகிறார்கள். புதிதாக யார் என்ன படித்தாலும் அந்த எண்ணைச் சரிபார்த்து மறுக்க முடியும்.